துளி வெடியும் ஏட்டுக் கணக்கும்

ஜப்பான் தேசத்தின் தென்பாகத்திலுள்ள உச்சினோவுரா என்னும் தளத்திலிருந்து 2024 நவம்பர் 14ஆம் தேதி ஒரு சிறு ராக்கெட் கிளம்பிற்று. எஸ்-520-34 என்பது அதன் பெயர். அது சந்திரனை நாடிச் செல்லவில்லை. செயற்கைக் கிரகம் எதையும் சுமந்து செல்லவில்லை. சில நிமிஷ நேரம் விண்வெளியைத் தொட்டுவிட்டுக் கடலில் வந்து விழுவதுதான் அதற்கு விதிக்கப்பட்ட வேலை. ஆயினும், அதில் வைத்திருந்த சிறு யந்திரத்தைப் பற்றி நம் தேசத்தில் பொது விஷயங்களைக் கவனிப்போர் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம். எத்தனால் என்னும் சாராயத்தையும் நைட்ரஸ் ஆக்ஸைடையும் திரவ ரூபத்திலேயே உட்கொண்டு, அவற்றைச் சாதாரணமாக எரிக்காமல் வெடிக்கச் செய்து, அவ்வெடியினால் தள்ளுவிசையைப் பெறும் யந்திரம் அது.

அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன், 2021 ஜூலை 27ஆம் தேதி, இதே தளத்திலிருந்து சென்ற எஸ்-520-31 ராக்கெட்டில் இந்த ஜாதி யந்திரம் முதல் தடவையாக விண்வெளியில் 6 வினாடி நேரம் வேலை செய்தது. அன்று அதற்கு ஆகாரம் மீதேன் வாயுவும் பிராணவாயுவும். ஜப்பான் மட்டும் இத்துறையில் இறங்கியிருக்கவில்லை. போலந்து தேசத்தார் 2021 செப்டம்பரிலேயே திரவ எரிபொருளைக் கொண்டு இவ்வகைச் சிறு ராக்கெட் ஒன்றை ஏவினார்கள். அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனம் 2022இல் ஹண்ட்ஸ்வில் நகரில் சோதித்த யந்திரம் 4,000 ராத்தலுக்கு மேற்பட்ட தள்ளுவிசையைக் கொடுத்தது. 2023ஆம் வருஷக் கடைசியில் அதைவிடப் பெரிய யந்திரமொன்று 5,800 ராத்தல் விசையுடன் 251 வினாடி நேரம் நின்று எரிந்தது. வீனஸ் ஏரோஸ்பேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 2025 மே 14ஆம் தேதி நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் தனது யந்திரத்தைப் பறக்கவிட்டுக் காட்டிற்று.

இச்செய்திகள் வரும்போதெல்லாம் அவற்றுடன் சில வர்ணப் படங்களும் வருகின்றன. வளையத்துக்குள் செம்மையும் மஞ்சளுமாகச் சுற்றிவரும் அலை; அதன் பின்னால் நீலத்தில் கலையும் துளிகள். காமிராவால் எடுத்த படங்கள் அல்ல அவை. யந்திரத்தைச் செய்யாமலே செய்ததாகப் பாவித்து, கணிப்பொறியில் போட்டுப் பார்த்த கணக்கின் விடைகள். இதைப் பாவனைக் கணக்கு என்று சொல்லலாம். இப்படங்களின் வசீகரம் சர்க்கார்களையும் கம்பெனி முதலாளிகளையும் ஒருங்கே மயக்கியிருக்கிறது. "இனிச் சோதனைச்சாலைகளில் பணத்தைக் கொட்டவேண்டாம், பெரிய கணிப்பொறி ஒன்றை வாங்கிவிட்டால் ஏழைத் தேசமும் பணக்காரத் தேசத்துடன் சமமாக ஓடலாம்" என்ற பேச்சு நம் நாட்டிலும் கேட்கிறது. இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்பதே நாம் இன்று விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

எரிதல் வேறு, அதிர்வெடி வேறு. அடுப்பில் எரிவதும், மோட்டார் வண்டியில் எரிவதும், ஆகாய விமானத்தின் ஜெட் யந்திரத்தில் எரிவதும் ஒரே ஜாதி. அமைதியாக நிற்கும் எண்ணெய் ஆவியும் காற்றும் கலந்த கலவையில் ஜுவாலை வினாடிக்கு அரை மீட்டர்கூட நகர்வதில்லை. அதே கலவையில் அதிர்வெடி உண்டானால் வினாடிக்கு ஏறக்குறைய 1,800 மீட்டர் பாய்கிறது. அதாவது ஒலியின் வேகத்தைப்போல் ஐந்து மடங்கு. அமுக்கம் ஒரு நொடியில் பதினைந்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. இவ்விசித்திரத்தை 1881, 1882 வருஷங்களில் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானிகள் குழாய்களில் கண்டறிந்தார்கள். அவர்களில் மல்லார், லெ ஷாதலியே என்ற இருவரும் நிலக்கரிச் சுரங்கங்களில் நேரும் வெடி விபத்துக்களின் காரணத்தை ஆராயப் புகுந்தவர்கள். சுரங்கத் தொழிலாளரின் உயிரைக் குடித்த பூதத்தையே இன்று வண்டியில் பூட்டப் பார்க்கிறார்கள்!

பூட்டுவதனால் லாபம் என்ன? இன்றைய ஜெட் யந்திரத்தில் காற்றை நெருக்குவதற்கே மிகுந்த சக்தி செலவாகிறது. நெருக்கிய காற்று எரியும் அறையில் புகுந்தபின் அமுக்கம் சற்றுக் குறைந்தும் போகிறது. அதிர்வெடியிலோ எரியும்போதே அமுக்கம் ஏறுகிறது. ஆகவே அதே எண்ணெயில் அதிக வேலை வாங்கலாமென்பது ஏட்டளவில் மறுக்க முடியாத உண்மை. ருஷ்ய விஞ்ஞானி ஸெல்டோவிச் 1940இலேயே இதைக் குறித்து எழுதிவிட்டார். ஸைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் நகரத்து வாய்த்ஸெகோவ்ஸ்கி 1959ஆம் வருஷத்தை ஒட்டி வளையத்துக்குள் வெடியலையை ஓயாமல் சுற்றவிட்டுக் காட்டினார். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் நிக்கல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் இதை ராக்கெட்டில் பிரயோகிக்க முயன்றார்கள். பிறகு நெடுங்காலம் விஷயம் உறங்கிற்று. யந்திரத்தின் உருவம் எளியது. ஒன்றினுள் ஒன்றாக இரண்டு உருளைகள். நடுவிலுள்ள குறுகிய சந்தில் ஒரு புறமிருந்து எரிபொருள் புகுந்துகொண்டிருக்கிறது. அலை சுற்றிச் சுற்றி வருகிறது. எரிந்த வாயு மறுபுறம் வெளியேறுகிறது. வளையத்தின் விட்டம் 10 சென்டிமீட்டரானால் அலை வினாடிக்கு ஏறக்குறைய 5,700 தடவை சுற்றும். ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் நடுவே கிடைக்கும் நேரத்துக்குள் புதிய எரிபொருள் உள்ளே வந்து, பரவி, கலந்து, வெடிக்கத் தயாராக நிற்கவேண்டும். போதாததற்கு, கடந்து செல்லும் அலையின் அமுக்கம் எரிபொருள் புகும் துவாரத்தையே ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் அடைத்துவிடுகிறது.

வாயுவைக் கொண்டு இவ்வளவையும் சாதித்தாகிவிட்டது. ஆனால் வாயுவைக் கட்டிக்கொண்டு பறப்பது எப்படி? ஹைட்ரஜனைக் குளிரவைத்துத் திரவமாக்கினாலும், ஒரே அளவு சக்திக்கு மண்ணெண்ணெயைப்போல் நான்கு மடங்கு இடம் வேண்டும். உலகத்து விமானங்கள் எண்ணெயைத்தான் சுமக்கின்றன. இனியும் பல காலம் எண்ணெயைத்தான் சுமக்கும். ஆகையால் வெற்றியின் திறவுகோல் திரவத் துளியில் இருக்கிறது. ராக்கெட்டுக்கு ஒரு வசதி உண்டு. அது தன் பிராணவாயுவையோ, அதைத் தரும் பொருளையோ தானே கொண்டு போகிறது. வெடிப்பு சீக்கிரம் பற்றுகிறது. ஆகாயத்திலுள்ள காற்றை உறிஞ்சி மண்ணெண்ணெயைச் சேர்க்கும் விமான யந்திரத்துக்கு அந்த வசதி கிடையாது. அங்கேதான் துளியின் பிடிவாதம் முழுதும் வெளியாகிறது.

துளிக்கு நேருவதைச் சிறிது விவரமாகப் பார்ப்போம். ஒரு மயிரிழையை விட மெல்லிய, 50 மைக்ரான் விட்டமுள்ள எண்ணெய்த் துளி காற்றில் நிற்கிறது. அதிர்ச்சி அலை அதைத் தாண்டிப் போகிறது. மறுகணம் வினாடிக்கு 1,400 மீட்டர் வேகத்தில் சூறைக்காற்று அதன்மேல் மோதுகிறது. துளி தட்டையாகி, ஓரங்கள் பிய்ந்து, நுண்ணிய மூடுபனியாகிவிடுகிறது. வினாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் இரண்டு மூன்று பங்கு நேரத்தில் இது நடந்தேறும். அதற்குள் அலை சில மில்லிமீட்டர் முன்னே ஓடியிருக்கும். இப்படி உடையாவிட்டால் வெடிப்பே இல்லை. ஏனெனில் துளி ஆவியாகும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: விட்டம் பத்திலொன்றானால் நேரம் நூற்றிலொன்றாகும். பெரிய துளி மெதுவாக ஆவியாகி எரிந்தால், அதன் உஷ்ணம் அலைக்கு வெகு தூரம் பின்னால் வெளிப்படும், முன்னே ஓடும் அலைக்கு உதைப்புக் கிடைக்காது, அலை தளரும், சில சமயம் அணைந்தும் போகும். உடைவது எவ்வளவு சீக்கிரம், உடைந்த துகள்களின் அளவு என்ன, அவற்றின் ஆவி காற்றுடன் எவ்வளவு நெருங்கிக் கலக்கிறது என்ற மூன்றிலும் ஒரு சிறு பிசகு நேர்ந்தாலும் யந்திரம் ஓடுமா, ஓடாதா என்ற முடிவே மாறிவிடும்.

இதை அளப்பது கஷ்டம். மூடுபனி தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறது. காமிராவுக்குக் கிடைப்பது வெறும் நிழல். ஆகவே கணக்கை நாடுவது இயற்கை. கணக்கின் சரித்திரமும் கௌரவமானது. அதிர்வெடியின் உள்ளமைப்பை ருஷ்யாவில் ஸெல்டோவிச் 1940இலும், அமெரிக்காவில் வான் நியூமன் 1942இலும், ஜெர்மனியில் டோரிங் 1943இலும், யுத்தத்தின் நடுவே, ஒருவர் வேலையை மற்றவர் அறியாமலே கண்டுபிடித்தார்கள். முன்னே அதிர்ச்சி அலை. அது வாயுவை நெருக்கிச் சூடாக்குகிறது. சற்றுப் பின்னால் ரசாயனத் தீ. அத்தீ அலையைத் தள்ளுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. இதே வான் நியூமன்தான் இக்காலக் கணிப்பொறியின் அமைப்பை வகுத்தவர்களில் முக்கியமானவர். அதிர்ச்சி அலை மிக மிக மெல்லியதாகையால் கணக்கின் கட்டங்களுக்குள் அகப்படாது. அதற்காக அவரும் ரிச்ட்மையர் என்பவரும் 1950இல் ஒரு தந்திரம் செய்தார்கள்: இல்லாத ஒரு பிசுபிசுப்பைக் கணக்கில் சேர்த்து, அலையைச் சில கட்டங்களுக்குப் பரப்பிவிட்டார்கள். அறிந்தே சேர்த்த பொய். ஆனால் இவ்வளவுதான் என்று அளவு தெரிந்த பொய். இன்றைய கணக்குகளிலும் ஏதேனும் ஒரு ரூபத்தில் அத்தந்திரத்தின் சந்ததிகள் இருக்கின்றன.

1978இல் ஜப்பானியரான தாக்கியும் புஜிவாராவும் வெளியிட்ட ஒரு கட்டுரையை இவ்விடத்தில் குறிப்பிடவேண்டும். அதிர்வெடி கரி படிந்த தகட்டின்மேல் ஓடினால் மீன் செதிலைப் போன்ற கோலத்தை விட்டுச் செல்லும். இதை ருஷ்ய விஞ்ஞானிகள் 1959இல் படமெடுத்திருந்தார்கள். அலையின் முன்னணி நேர்கோடாக நிற்பதில்லை, ஓயாமல் மடிந்து மோதிக்கொண்டே போகிறது என்பது இக்கோலத்தின் பொருள். அந்த மடிப்பும் மோதலும் கணிப்பொறியின் விடையிலும் தாமாகவே தோன்றுவதை அக்கட்டுரை காட்டிற்று. புஜிவாரா நகோயா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். 2021இல் விண்வெளிக்குச் சென்ற யந்திரமும் அதே சர்வகலாசாலையாரின் முயற்சியில் உருவானதே. நடுவே நாற்பத்து மூன்று வருஷங்கள்! ஒரு தலைமுறை கணக்குப் போட்டது. அடுத்த தலைமுறை இரும்பைச் செதுக்கிற்று. இரண்டும் ஒரே கூரையின்கீழ் நடந்தன. ஜப்பானின் கணிப்பொறிகளைப் பற்றிப் பேசுவோர் அக்கூரையைப் பற்றியும் பேசவேண்டும்.

கணக்கின் பளுவை வாசகர்கள் அறிந்துகொள்ளச் சில எண்களைத் தருகிறோம். யந்திரத்தின் உள்ளிடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அமுக்கம், உஷ்ணம், வேகம், வாயுக்களின் விகிதம் ஆகியவற்றை எழுதி, அடுத்த கணத்தில் அவை எப்படி மாறும் என்று கணிப்பதே பாவனைக் கணக்கு. 10 சென்டிமீட்டர் கனசதுரத்தை 10 மைக்ரான் கட்டங்களாகப் பிரித்தால் கட்டங்களின் தொகை ஒரு லட்சம் கோடி. அலை ஒரு சுற்று வருவதற்குள் அத்தனை கட்டங்களையும் ஏறக்குறைய லட்சம் தடவை திருத்தி எழுதவேண்டும். எண்ணெயின் ரசாயனத்தைப் பூரணமாக எழுதினால் நூற்றுக்கணக்கான பொருள்கள், ஆயிரக்கணக்கான மாறுதல்கள். துளிகளின் தொகையோ சொல்லி முடியாது. ஒரு கன சென்டிமீட்டர் எண்ணெயை 10 மைக்ரான் துளிகளாகச் சிதறினால் 190 கோடி துளிகள் ஆகும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்னுமிடத்திலுள்ள பிராண்டியர் கணிப்பொறி 2022 மே மாதத்தில் வினாடிக்குப் பதினாயிரம் கோடி கோடி கணக்குகளைச் செய்து உலகத்தை வியக்கவைத்தது. அதுகூட இவ்வேலையைக் குறுக்கு வழி இல்லாமல் முடிக்க இயலாது.

ஆகவே குறுக்கு வழிகள் வந்தன. பல்லாயிரம் துளிகளை ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஒரு துளியாகப் பாவிக்கிறார்கள். கட்டத்தைப் பெரிதாக்குகிறார்கள். நூற்றுக்கணக்கான ரசாயனப் பொருள்களை ஒரு கைப்பிடிக்குள் அடக்குகிறார்கள். துளி உடைவதைக் கண்ணால் பார்ப்பதுபோல் கணிக்க முடியாதாகையால், "இவ்வளவு வேகத்தில் இவ்வளவு நேரத்தில் இத்தனை துகள்" என்று ஒரு சூத்திரத்தை எழுதி வைத்துவிடுகிறார்கள். அச்சூத்திரம் எங்கிருந்து வந்தது? மிகவும் பழக்கத்திலுள்ள சூத்திரங்களில் ஒன்று 1987இல் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிச்சாலையில் பிறந்தது. துளியை ஒரு சுருள் வில்லில் தொங்கும் குண்டாகப் பாவித்து, அது எவ்வளவு ஆடினால் உடையும் என்று சொல்வது அது. மோட்டார் யந்திரங்களில் எண்ணெய் பீச்சும் வேலைக்காக ஏற்பட்டது. துளி உடைவதைப் பற்றிய பழைய அளவைகளும் பெரும்பாலும் மில்லிமீட்டர் கணக்கான பெரிய துளிகளை, அதிர்வெடியைவிட மிகவும் மெதுவான அலைகளில் வைத்துப் பார்த்து எடுத்தவை. டீஸல் வண்டிக்குத் தைத்த சட்டையை ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் ஓடும் வெடிக்கு மாட்டிவிட்டு, "பொருத்தமாயிருக்கிறது, பாருங்கள்" என்று வர்ணப் படத்தைக் காட்டுகிறார்கள்.

இவ்வாறு சொல்வதனால் கணக்குப் போடுவோரை நாம் ஏளனம் செய்வதாக யாரும் கருதவேண்டாம். அவர்களில் யோக்கியமானவர்கள் இக்குறைகளைத் தங்கள் கட்டுரைகளிலேயே எழுதியிருக்கிறார்கள். துளியே இல்லாத, ஹைட்ரஜனும் காற்றும் மட்டுமுள்ள சுத்தமான கலவையில்கூட, கணித்த செதிலின் அகலமும் தகட்டில் அளந்த அகலமும் இரண்டு மடங்கு வித்தியாசப்படுவதுண்டு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு காரணம் தேடுகிறார்கள். தகராறு அவர்களுடன் அல்ல. கட்டுரையின் நடுவிலுள்ள இந்த எச்சரிக்கைகள் சர்க்கார் காரியாலயத்தை அடைவதற்குள் உதிர்ந்து, படம் மட்டும் போய்ச் சேருகிறதே, அதுதான் நமது புகார்.

இவ்வழியில் ஜனித்த நம்பிக்கைகளுக்கு ஒரு திருஷ்டாந்தம் சொல்வோம். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச்சாலை உலகத்தில் அதிர்வெடிக் கணக்குகளுக்கு முதன்மையான இடங்களில் ஒன்று. ஓரன், போரிஸ், கைலாசநாத் முதலியோர் பல ஆண்டுகள் அங்கே உழைத்து அத்துறைக்கு அஸ்திவாரமிட்டார்கள். 2012இல் அந்த ஆராய்ச்சிச்சாலை ஓர் அறிக்கை வெளியிட்டது. கடற்படைக் கப்பல்களிலுள்ள வாயு டர்பைன்களுக்குப் பதிலாகச் சுழலும் அதிர்வெடி யந்திரங்களைப் பொருத்தினால் எரிபொருளில் நூற்றுக்கு 25 பங்கு மீதமாகலாமென்றும், வருஷத்துக்கு 30 கோடி முதல் 40 கோடி டாலர் வரையில் லாபமென்றும் அதில் கண்டிருந்தது. பத்து வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. கப்பல்களில் பழைய டர்பைன்களே சுழல்கின்றன. வெடியினால் ஏறிய அமுக்கத்தைத் துவாரங்களில் நேரும் நஷ்டமும், சுவர்களைச் சுடும் உஷ்ணமும், அரைகுறைக் கலப்பும் தின்றுவிடுகின்றன என்பது சோதனை மேடைகளில் தெரிந்த பாடம். இதற்காக அறிக்கையை எழுதியவர்கள் பொய்யர்கள் என்று சொல்ல முடியாது. சுத்தமான கலவைக்குச் சரியாகப் போட்ட கணக்கை, அசுத்தமான உலகத்துக்கு விலையாகச் சொன்னார்கள், அவ்வளவே.

இதற்குள் ராணுவத்தின் கையும் நீண்டிருக்கிறது. அமெரிக்காவின் தார்ப்பா ஸ்தாபனம் 2022இல் அறிவித்த காம்பிட் திட்டத்தின் உத்தேசம், ஆகாயத்திலிருந்து ஏவும் ஆயுதத்துக்கு இந்த யந்திரத்தைப் பொருத்துவதே. ஆயுதமென்று வந்துவிட்டால் அளவைகள் பூட்டிய பெட்டிக்குள் போய்விடும். எந்தத் துளி எப்படி உடைந்தது, எந்தத் துவாரம் எத்தனை தடவையில் உருகிற்று என்ற விவரங்கள் இனி வெளியார் கண்ணில் படுவது அரிது. வெளியே வருபவை படங்களும் பெருமைகளுமே. நமது தேசத்து ராஜதந்திரிகள் கவனிக்கவேண்டிய இடம் இதுதான்.

ஏனெனில், எதைப் பிறர் மறுப்பார்கள், எதைக் கொடுப்பார்கள் என்ற விஷயத்தில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. 1980களின் பிற்பகுதியில் உயர்ந்த ரகக் கிரே கணிப்பொறியை அமெரிக்கா நமக்கு விற்க மறுத்தது. அதன் விளைவாக 1988இல் பூனாவில் சி-டாக் ஸ்தாபனம் தோன்றிற்று. 1991இல் பரம் 8000 வெளிவந்தது. இன்று நிலைமை வேறு. 2015இல் இந்திய சர்க்கார் 4,500 கோடி ரூபாயில் தேசியக் கணிப்பொறித் திட்டத்தை ஆரம்பித்தார்கள். 2023 ஜூன் மாதத்து உலக ஜாபிதாவில் பூனாவிலுள்ள ஐராவத் 75ஆவது இடத்தைப் பெற்றது. அதன் வேகம் பிராண்டியரின் வேகத்தில் நூற்றிலொரு பங்குகூட இல்லையென்பது மெய்தான். ஆனாலும் துளிக் கணக்குகளைத் தொடங்க அது தாராளமாகப் போதும். கணக்கை நடத்தும் நிரலுக்கும் பஞ்சமில்லை. லண்டன் இம்பீரியல் கலாசாலையில் கருக்கொண்ட ஓப்பன்ஃபோம் என்ற நிரல் 2004 முதல் எவரும் இலவசமாக எடுத்து ஆளும்படி திறந்து கிடக்கிறது. பல தேசத்து மாணவர்கள் அதைத் திருத்தியே துளிகளின் அதிர்வெடியைக் கணித்து வருகிறார்கள். ஆக, பொறி கிடைக்கும், நிரல் கிடைக்கும். இவற்றுக்கு உயிர்கொடுக்கும் அளவைகளைத்தான் எவரும் கொடுக்கமாட்டார்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும்; இத்துறையில் சுவர் என்பது அளவை.

"அவ்வளவு பணம் நம்மிடம் ஏது?" என்று கேட்பார்கள். கிரயோஜெனிக் யந்திரத்தின் கதையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். 1991இல் ருஷ்ய ஸ்தாபனத்துடன் ஒப்பந்தம் செய்தோம். 1992இல் அமெரிக்கா தடை விதித்தது. 1993இல் ருஷ்யர்கள் தயாரான யந்திரங்களை மட்டும் தருவதாகவும், செய்யும் வித்தையைத் தருவதற்கில்லையென்றும் கையை விரித்தார்கள். திருநெல்வேலி ஜில்லாவில் மகேந்திரகிரி அடிவாரத்தில் வருஷக்கணக்காக யந்திரங்களைச் சுட்டுப் பார்த்துத்தான் நம்மவர்கள் அந்த வித்தையைக் கற்றார்கள். 2010 ஏப்ரலில் முதல் தடவை பறந்தபோது தோல்வி. 2014 ஜனவரி 5ஆம் தேதி வெற்றி. அத்தோல்விக்குப் பிறகும் மேடையில் திரும்பத் திரும்பச் சோதித்தார்களே தவிர, காகிதத்தை மட்டும் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அதிர்வெடித் துளிக்கு மகேந்திரகிரி போன்ற பெரிய மேடைகூட ஆரம்பத்தில் வேண்டியதில்லை. சில மீட்டர் நீளமுள்ள அதிர்ச்சிக் குழாய், வினாடிக்குப் பல லட்சம் படமெடுக்கும் காமிரா, துளியின் அளவை ஒளியால் அறியும் கருவி, அவற்றை ஆளத் தெரிந்த பத்துப் பேர் இருந்தால் ஒரு சர்வகலாசாலை இவ்வேலையைத் தொடங்கலாம். எரிதலை ஆராய்வதற்கென்றே சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தேசிய நிலையமொன்று ஏற்கெனவே இருக்கிறது.

கணக்கையும் அளவையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்கு ஒரு சுலபமான வழியும் உண்டு. பொதுஜனங்களின் பணத்தில் நடக்கும் எந்தப் பாவனைக் கணக்கும், சோதனை நடப்பதற்கு முன்பே விடையை எழுதி உறையிலிட்டு மூன்றாமவர் ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். அலையின் வேகம் இவ்வளவு, இன்ன அளவுக்கு மேற்பட்ட துளியில் அலை அணையும், இன்ன துவாரத்தில் தள்ளுவிசை இவ்வளவு என்று மூன்று எண்கள் போதும். சோதனை முடிந்தபின் உறையைப் பிரித்து இரண்டையும் பக்கம் பக்கமாகப் பிரசுரிக்கவேண்டும். சோதனைக்குப் பிறகு சூத்திரத்தின் காதைத் திருகி விடையைப் பொருந்தச் செய்வது எவருக்கும் எளிது. அப்படிச் செய்த கணக்கு அடுத்த யந்திரத்துக்கு வழிகாட்டுமென்று நம்புவதற்கில்லை. உறையிலிட்ட எண் பிசகினாலும் கேவலமில்லை. எந்த இடத்தில் பிசகிற்று என்பதே அடுத்த வருஷத்து வேலைக்கு முதலாகும். இந்த ஏற்பாட்டை ஆட்சேபிக்கும் விஞ்ஞானியை விட, ஆட்சேபிக்கும் அதிகாரியைக் கண்டே நாம் அதிகம் சந்தேகிப்போம்.

அடுத்த பட்ஜெட் விவாதம் வரும்போது பார்லிமெண்டில் நம் பிரதிநிதிகள் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே. யந்திர ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கும் தொகையில் எத்தனை ரூபாய் கணிப்பொறிக்கும் அதன் மின்சாரத்துக்கும் போகிறது, எத்தனை ரூபாய் குழாய்க்கும் காமிராவுக்கும் சோதனை மேடைக்கும் போகிறது? சென்ற ஐந்து வருஷங்களில் இத்துறையில் வெளியான கணக்குகளில் எத்தனைக்கு நேர் எதிரே, இந்த மண்ணில் எடுத்த அளவை ஒன்று எழுதப்பட்டிருக்கிறது? மந்திரிகள் வர்ணப் படத்தைக் காட்டிப் பதில் சொல்ல வந்தால், அங்கத்தினர்கள் இரண்டாவது கேள்வியைத் திரும்பவும் கேட்கட்டும்.